பற்றையையும் கொஞ்சம் விட்டுவையுங்கள்

கார்த்திகையில் மரம் நடப் புறப்படும் சனசமூக நிலையங்களுக்கும் இளையோர் கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. சனசமூக நிலையத்தில் கூட்டம், வாட்ஸ்அப்பில் படம், லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற ஊர்ச்சங்கத்தார் அனுப்பும் கொஞ்சக் காசு, லான்ட்மாஸ்டர் பெட்டி நிறையக் கன்றுகள். வடமாகாண சபை இயங்கிய நாட்களில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தார்கள். சபை கலைந்து வருடங்கள் போயும் அந்த வழக்கம் கலையவில்லை. செல்லடியில் தலையிழந்து நின்ற பனைகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, மரம் நடுகிற பிள்ளைகளைக் கண்டால் வருகிற சந்தோசத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நான் எழுத வந்தது மரம் நடுவதற்கு முதல்நாள் நடக்கிற வேலையைப் பற்றி. சிரமதானம். கத்தி, மண்வெட்டி, வசதியிருந்தால் பெக்கோ. காலமை பற்றையாகக் கிடந்த காணி மத்தியானத்துக்குள் வெளித்துவிடும். உடை, சூரை, காரை, இலந்தை, ஈச்சம்பற்றை எல்லாம் ஒரே குவியலாகி எரியும். அடுத்தநாள் அந்த வெறுந்தறையில் வரிசையாகக் குழி வெட்டி வேம்பும் மலைவேம்பும் தேக்கும் நடுவீர்கள். படம் எடுப்பீர்கள். அடுத்த வைகாசிக்குள் பாதிக் கன்று தண்ணீரில்லாமல் கருகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அது வேறு கதை.

எரிந்த அந்தப் பற்றைக்குள் கௌதாரி குடியிருந்தது. இந்த மடல் அதற்காக.

கௌதாரியை நீங்கள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகமாக இருக்கும். விடியற்புறம், கோயில் மணிக்கும் முதல் பஸ்ஸுக்கும் இடையில், தரவைப் பக்கமிருந்து கணீரென்று ஒரு மூன்றசைக் குரல் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே போகும். ஒன்று தொடங்கினால் அயலிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளும். சோடியில் ஒன்று விட்ட இடத்தில் மற்றது தொடுப்பதும் உண்டு. சத்தம் பெரிது, பறவை சிறிது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். உடம்பெல்லாம் மண்நிறத்தில் மெல்லிய வரிகள். தொண்டையில் வெளிறிய ஒரு திட்டு, அதைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டியதுபோல ஒரு கோடு. சேவலுக்குக் காலில் முள் உண்டு, அதைத் தவிர ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினம். ஆள் அசைவு தெரிந்தால் பறக்காது, ஓடும். பற்றைக்குப் பற்றை தலையை நீட்டிக்கொண்டு ஓடி, மிக நெருங்கினால்தான் படபடவென்று எழும்பும். அப்போது வாலோரத்தில் செம்பழுப்புத் தெரியும். கொஞ்சத் தூரம் போனதும் திரும்ப இறங்கி ஓடத் தொடங்கிவிடும்.

இந்தப் பறவை இலங்கை முழுக்க இருக்கிறதென்று நினைக்காதீர்கள். புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரைக்குமான வறண்ட கரையோரம்தான் இதன் வீடு. கண்டிக்காரனும் மாத்தறைக்காரனும் தங்கள் ஊரில் இதைக் காணமாட்டார்கள். ஊவா மலைப்பக்கம் இருக்கிற புள்ளிக் கௌதாரி வேறு இனம். கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் இருப்பது எங்களுடைய இதே கௌதாரிதான். 1789இல் ஜெர்மானியரான ஜிமெலின் இதற்கு அறிவியற் பெயர் வைத்தபோது பொண்டிசெரியானஸ் என்று பாண்டிச்சேரியின் பெயரையே சேர்த்தார். அதற்குச் சில வருடம் முன்பு சொனரா என்ற பிரெஞ்சுப் பயணி அந்தக் கரையில் கண்டு எழுதியிருந்ததுதான் காரணம். ஆக, பாக்குநீரிணையின் இரு கரைக்கும் பொதுவான ஒரு முள்ளுக்காட்டுப் பிறவி இது. காட்டுக்கோழிக்குத் தேசியப் பறவைப் பட்டம் கிடைத்தது, மயிலுக்கு முருகன் கிடைத்தான். கௌதாரிக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

அதன் ஒருநாளைக் கொஞ்சம் பாருங்கள். வெயில் ஏற முன்னமே கூட்டம் தரவைக்கு வந்துவிடும். கூட்டமென்றால் ஒரு குடும்பம்: தாய், தகப்பன், அந்த வருடத்துக் குஞ்சுகள். மாடு மேய்ந்து கட்டையாகிப்போன புல்லுக்குள் விதை பொறுக்கும். சாணகத்தைக் கிளறும், கறையான் புற்றின் அடியைக் கிண்டும். வெயில் ஏறியதும் ஒரு உடை மரத்தடிக்குப் போகும். குடைபோல் பரந்த அந்த மரத்தின் கீழ் மண் மாவாக இருக்கும். அதில் ஒரு கிண்ணமளவு பள்ளம் பறித்து, ஒரு பக்கம் சரிந்து படுத்து, சிறகால் மண்ணை வாரி முதுகில் போட்டுக் குளிக்கும். செள்ளும் பேனும் போவதற்கு அதுதான் வழி. குளித்த இடத்தில் வரிபோட்ட ஒரு சிறகாவது கிடக்கும். ஒரு காணியில் கௌதாரி இருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான். பின்னேரம் திரும்பவும் மேய்ச்சல். இருட்டுப்பட முள்மரத்தில் ஏறிக் கொப்பில் நெருக்கிக்கொண்டு படுக்கும். பூனையும் கீரியும் ஏற முடியாத முள்ளாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். உயரம் பெரிதாகத் தேவையில்லை.

முட்டையிடுவது நிலத்தில். பற்றையடியில் புல்லை அழுத்திய ஒரு சிறு குழி. ஆறு, ஏழு முட்டை இருக்கும். கிட்டத்தட்ட 18, 19 நாள் அடை. பொரித்த குஞ்சு அன்றைக்கே தாயின் பின்னால் ஓடும், ஆனால் பறக்காது. அந்த முதல் நாட்களில் அதன் உயிர் இரண்டு விடயத்தில் தங்கியிருக்கிறது. எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் பூச்சி இருக்கவேண்டும். வல்லூறு நிழல் விழுந்தால் இரண்டு எட்டில் நுழைய ஒரு பற்றை இருக்கவேண்டும். வெளியும் பற்றையும் பக்கம் பக்கமாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலம்தான் கௌதாரிக்கு நிலம். முழுவதும் வெளி என்றாலும் சரிவராது, முழுவதும் காடு என்றாலும் சரிவராது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலில் நின்று படமெடுத்துவிட்டு வருகிற எல்லாரும் அந்தக் காட்டின் நிழலில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வருவார்கள். கடற்காற்றுக்கு ஓடுகிற மணலைப் பிடித்துவைக்க நட்டு வளர்த்த காடு அது. பிடித்தும் வைத்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் உள்ளே நடந்து பாருங்கள். காலடியில் ஊசிச் சருகு மெத்தைபோல் கிடக்கும். அதற்குள்ளால் புல் முளைப்பது அரிது, பற்றை இன்னும் அரிது. சவுக்கின் நடுவில் நான் கௌதாரியைக் கண்டதே இல்லை. குரல் கேட்பதெல்லாம் ஓரத்தில்தான். சவுக்கு முடிந்து, இராவணன் மீசையும் தாழையும் ஈச்சம்பற்றையும் கலந்து, அப்பால் தரவை தொடங்குகிற அந்தக் கலப்பு ஓரம். டிப்பர்காரர் மணல் அள்ள வருவதும் அந்த ஓரத்துக்குத்தான் என்பது துக்கம்.

மரங்கள் உண்டு, ஆனால் காடென்று சொல்ல முடியாது என்ற இந்த நிலையை எங்களுக்கு முன்னமே வேறு நாட்டுக்காரர்கள் பெரிய அளவில் பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், ஜோர்ஜியா, அலபாமா பக்கம், பைன் மரத்தை வரிசையாக நட்டு வளர்த்து வெட்டுகிற பெருந்தோட்டக் காடுகள் ஏராளம். அங்கே எங்கள் கௌதாரியின் தூரத்துச் சொந்தம் ஒன்று வாழ்கிறது. வளவில் வளர்க்கிற வான்கோழியின் காட்டு முன்னோர். வேட்டையாடியும் காட்டை வெட்டியும் 1930கள் அளவில் அதை நாடு முழுவதும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் குறைவு என்று சொல்பவர்களும் உண்டு. 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு அந்தப் பணத்தை வனவிலங்குக்கே செலவிட ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் நாட்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937 தான். அங்கே வான்கோழியை வலையால் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 60 இலட்சத்துக்கு மேல் ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு பல இடங்களில் எண்ணிக்கை திரும்பவும் இறங்கத் தொடங்கியது. மரம் இருந்தது, வேட்டைக்குக் கட்டுப்பாடும் இருந்தது, அப்படியும் குஞ்சு தப்பவில்லை. பேட்டின் முதுகில் சிறு கருவி கட்டி அது போகிற இடமெல்லாம் பார்த்தார்கள். பொரித்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடுகின்றன. அந்த இரண்டு வாரமும் குஞ்சுக்கு மரத்தில் ஏற முடியாது, தாயோடு நிலத்தில்தான் படுக்கை. ஆகவே குஞ்சோடு இருக்கிற பேடு, கொப்பு மூடி வெயில் விழாத அடர் பைனைத் தவிர்க்கிறது. மரத்தை ஐதாக்கி, வெயில் நிலத்தில் விழவிட்டு, புல்லும் செடியும் முழங்காலளவு எழும்பி, பூச்சி பறக்கிற இடத்தைத் தேடிப் போகிறது. காடு காப்பவர்கள் அதற்காகவே இப்போது மரத்தை ஐதாக்குகிறார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திட்டமிட்டு நிலத்துக்கு நெருப்பும் வைக்கிறார்கள், ஒரே தரத்தில் முழுக்காட்டுக்கும் வைக்காமல், துண்டு துண்டாக, முறைவைத்து.

இதை வாசித்துவிட்டு யாரும் நெருப்புப் பெட்டியை எடுக்கவேண்டாம், தயவுசெய்து. அவர்களுடைய பைன் நெருப்போடு பழகி வளர்ந்தது. எங்கள் வடலிக்குள் நெருப்பு வைத்தால் காவோலையில் ஏறி ஊரையே எரிக்கும். வருடா வருடம் ஆடிக் காற்றில் யாரோ போட்ட சுருட்டுத் துண்டால் எரிகிற பனங்கூடல்களே போதும். அங்கிருந்து எடுக்கவேண்டியது ஒன்றுதான்: பெரிய மரத்தில் படுக்கிற பறவைக்குக்கூட, அடுத்த தலைமுறை தப்புவதைத் தீர்மானிப்பது முழங்காலளவுச் செடிதான் என்பது. நாங்கள் சிரமதானத்தில் முதலில் வெட்டுவது அந்த முழங்காலளவைத்தான்.

தோட்டக்காரருக்கும் இதில் ஒரு பங்கு இருப்பதால் இன்னொரு நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கௌதாரிக் குடும்பத்தைச் சேர்ந்த சாம்பல் நிறப் பறவை ஒன்று, ஒருகாலம் கோதுமை வயலெல்லாம் நிறைந்திருந்தது. கடந்த அரை நூற்றாண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துபோயிற்று. நரி, துப்பாக்கி, குளிர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டிக் பொட்ஸ் என்பவர் 1968இல் சசெக்ஸ் பகுதியில் ஒரு ஆய்வு தொடங்கினார். குஞ்சு தின்னும் பூச்சி எங்கே போயிற்று என்று பார்த்தார். களைநாசினி அடித்ததால் வயலோரக் களை போயிற்று, களையில் வாழ்ந்த பூச்சி அதோடு போயிற்று, பூச்சி இல்லாமல் குஞ்சு பட்டினியால் செத்தது. களைநாசினி ஒரு குஞ்சையும் நேரே கொல்லவில்லை. வயலின் ஓரத்தில் ஆறு மீற்றரளவு மருந்தடிக்காமல் விட்ட இடங்களில் குஞ்சு தப்பியது. அந்த ஆய்வு இன்றைக்கும் நடக்கிறது.

எங்கள் செம்மண் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை, பீட்ரூட், மாறி மாறி. ஒரு வரம்பு வெறுமனே கிடக்க விடமாட்டோம். கிளைபோசேற்றை 2015இல் தடைசெய்தார்கள், பிறகு படிப்படியாக நீக்கினார்கள். தடை இருந்தபோதும் வேறு மருந்து இல்லாமலில்லை. வரம்புப் புல்லுக்கு மருந்தடிக்கிற பழக்கம் எங்கள் அப்புமாருக்கு இருந்ததில்லை, அவர்கள் மாட்டுக்குச் செருக்கிக்கொண்டு போனார்கள். கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று என்று பத்திரிகையில் வந்தால் பதறுகிறோம். வரம்பில் பூச்சி இல்லை என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. உங்கள் அப்பா தோட்டம் செய்கிறவரென்றால், மேற்கு வேலியோரம் ஒரு பாகம் அகலத்துக்கு மருந்தடிக்காமல் விடும்படி கேட்டுப்பாருங்கள். முதலில் பேச்சு விழும். இரண்டாம் போகத்துக்குக் கேட்டால் விடுவார்.

வேலியென்று சொன்னதும் மதில் ஞாபகத்துக்கு வருகிறது. கிளுவைக் கதியாலும் பூவரசும் பனையோலையுமாக இருந்த எங்கள் வேலிகளுக்குக் கீழால் கோழியும் கீரியும் கௌதாரியும் போய்வந்தன. வெளிநாட்டுக் காசில் எழும்புகிற ஆறடி மதிலுக்குக் கீழால் ஒன்றும் போகாது. பறந்து தாண்டலாமே என்பீர்கள். குஞ்சோடு இருக்கிற தாய் பறக்காது. மதிலோரமாகவே ஓடி ஓடி ஒழுங்கைக்கு வரும், ஒழுங்கையில் நாய் நிற்கும். கட்டாக்காலி நாய்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, அதற்குத் தனி மடல் வேண்டும்.

போர் இந்தப் பறவைக்கு என்ன செய்தது என்று கேட்டால், நேரான பதில் சொல்ல நாக்குக் கூசுகிறது. 1990இல் வலிகாமம் வடக்கில் சனம் எழும்பிப் போனது. அவர்கள் விட்டுப்போன வீடும் தோட்டமும் இருபது முப்பது வருடம் மனிதக்கால் படாமல் கிடந்து பற்றைக்காடாயிற்று. அப்படிக் கிடந்த காணிகளின் முட்கம்பி ஓரத்தில் நின்று விடியப்புறம் கௌதாரிக் குரல் கேட்டிருக்கிறேன். அதேபோல முகமாலை. கிளாலிக் கடலேரியிலிருந்து நாகர்கோவில் வரை குறுக்கே ஓடிய முன்னரங்கில், உலகில் வேறெங்கும் காண்பதற்கரிய நெருக்கத்தில் மிதிவெடி புதைக்கப்பட்டிருந்தது. மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் ஆளும் போகவில்லை, மாடும் போகவில்லை. மிதிவெடியை வெடிக்கவைக்கிற பாரம் ஒரு கௌதாரிக்குக் கிடையாது.

இதை ஒரு அழகான கதையாக யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காணி சனத்துக்குத் திரும்பி வரவேண்டும், வெடி முழுக்க எடுபடவேண்டும். 2002 முதல் இங்கே வேலைசெய்கிற ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில், போரில் எல்லாவற்றையும் இழந்த எங்கள் பெண்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி அதைச் செய்திருக்கிறார்கள். பற்றையை வெட்டாமல் வெடி எடுக்க முடியாது. அது சரியான வெட்டு. என் கேள்வி அதற்குப் பிறகு வருவது பற்றி. காணி விடுபட்ட அடுத்த வாரமே பெக்கோவைக் கொண்டுவந்து எல்லையிலிருந்து எல்லைவரை வழித்துவிட்டு, வீடு கட்டக் காசில்லாமல் அதை அப்படியே வெறுந்தறையாக ஐந்து வருடம் போட்டுவைக்கிறோமே, அது ஏன்? சனம் திரும்பிய ஊரில் வீடு, கிணறு, தோட்டம், கோயில், எல்லாம் முதலில் வரட்டும். மிச்சமாகிற பின்வளவில் பற்றை நின்றால் யாருக்கும் வெட்கமில்லை.

வெட்கம்தான் இங்கே பெரிய விடயம் என்று நினைக்கிறேன். பற்றை பத்தின காணி என்றால் ஆளில்லாத காணி, கவனிப்பாரற்ற குடும்பம். கலியாணப் பேச்சுக்கு வருகிறவர்கள்கூட வளவைப் பார்ப்பார்கள். இந்த எண்ணம் இருக்கும்வரை எந்தப் பறவைக் கதையும் எடுபடாது.

நீங்கள் சொல்லப்போகிற மற்ற நியாயங்களும் எனக்குத் தெரியும். பற்றைக்குள் பாம்பு. உண்மை. சுருட்டை விரியன் எங்கள் மணலில் தாராளம். வீட்டைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, பிள்ளைகள் நடக்கிற பாதையோரம் பற்றை இருக்கவேகூடாது, அதை நான்தான் முதலில் வெட்டுவேன். பற்றைக்குள் கசிப்புக் காய்ச்சுகிறார்கள், இப்போது அதைவிட மோசமானதும் நடக்கிறது என்பீர்கள். அதுவும் உண்மை. ஆனால் ஊர் நடுவில் ஆளுயர அடர்பற்றையாக நிற்பது வேறு. நான் கேட்பது தரவையோரத்தில் இடுப்பளவில் ஐதாக நிற்கிற பற்றை. அதற்குள் கசிப்புப் பானை வைத்தால் அரைக் கட்டைக்கு அப்பாலிருந்தே தெரியும்.

இன்னொன்றும் சொல்வீர்கள், இதை யாரும் கூட்டத்தில் எழும்பிச் சொல்வதில்லை, வெளியே வந்துதான் சொல்வார்கள்: "பறவை, காடு என்று வாயைத் திறந்தால் திணைக்களம் எல்லைக்கல்லோடு வந்துவிடும்." சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் தங்கள் பரம்பரைக் காணியும் மேய்ச்சல் தரவையும் அகப்பட்டுவிட்டதென்று வடமராட்சி கிழக்குச் சனம் முறையிடுவதை மாவட்டக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இதைத் திணைக்களத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கௌதாரிக்குத் தேசியப் பூங்கா தேவையில்லை. அது ஆள் புழங்குகிற நிலத்துப் பறவை. மாடு மேய்ந்தால்தான் அதற்குப் புல் கட்டையாகும், தோட்டம் விளைந்தால்தான் சிந்திய விதை கிடைக்கும். வர்த்தமானியில் வராத, கோயிலுக்கும் சனசமூக நிலையத்துக்கும் தனியாருக்கும் சொந்தமான காணிகளின் மூலை முடுக்குகளில்தான் அதன் சீவியம். அந்த மூலைகளின் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே இந்தக் கார்த்திகைக்கு என் வேண்டுகோள் இது. கன்று வாங்க முதல் காணியைப் போய்ப் பாருங்கள், காலமை ஐந்தரைக்கு. கௌதாரி கூப்பிடுகிறதா, மண்குளித்த பள்ளம் இருக்கிறதா, எந்த உடையில் படுக்கிறது என்று பாருங்கள். எச்சம் கீழே கிடக்கும், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இருந்தால் அந்தக் காணியை விட்டுவிட்டு வேறு காணி பாருங்கள். மரம் நடத் தெருவோரமும் பள்ளிக்கூட வளவும் குளக்கட்டும் வேண்டியளவு கிடக்கின்றன. குளக்கட்டில் மருது நடுங்கள், அது மாகாண மரமும்கூட. தரவை நடுவில் தயவுசெய்து ஒன்றும் நடவேண்டாம். தரவை வெறுமையாக இருப்பது அதன் இயல்பு. மாரியில் தண்ணீர் நின்று, கோடையில் காய்ந்து, புல் மட்டும் வளர்கிற நிலம் அது. அங்கே நட்ட கன்று எப்படியும் சாகும்.

நடத்தான் வேண்டும் என்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் வழிக்காதீர்கள். காணியின் மூன்றில் ஒரு பங்கை இந்த வருடம் எடுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். வெட்டுவதைப் புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். மாரி ஓய்ந்த பிறகு கௌதாரி சோடி சேர்ந்து முட்டையிடுகிற காலம், அப்போது பற்றைக்குள் கத்தி போகக்கூடாது. நடுகிற மரத்தில் எங்கள் மரமும் இருக்கட்டும். உடையையும் இலந்தையையும் எந்த நாற்றுமேடையிலும் விற்கமாட்டார்கள், விதை பொறுக்கி நீங்களே போடவேண்டும். பனங்கொட்டை நடுகிறவர்கள் வடலி எழும்பும்வரை கீழே இருக்கிற ஈச்சம்பற்றையை விட்டுவையுங்கள். கருக்குமட்டை வடலிக்கு இடையில் குஞ்சோடு கௌதாரி நின்றால் வல்லூறுக்கு ஒன்றும் எடுபடாது. கண்ணி வைக்கிறவர்களைக் கண்டால் அவர்களுக்குச் சட்டம் சொல்லிப் பயமுறுத்துவது உங்கள் விருப்பம். எனக்குத் தெரிந்தவரை, "இதை நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறோம் அண்ணை" என்று சொன்னால் அதைவிட வேலை செய்யும்.

எண்ணுங்கள். உண்மையாகவே எண்ணுங்கள். ஒவ்வொரு சனசமூக நிலையமும் மாசியில் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், தங்கள் ஊரில் எத்தனை இடத்தில் கௌதாரி கூப்பிடுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், ஐந்தாறு வருடத்தில் இந்தக் குடாநாட்டில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கணக்கு உங்களிடம் இருக்கும். பட்டம் படித்தவர் தேவையில்லை, குரல் தெரிந்தால் போதும்.

குரல் தெரியாதவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள். வடமராட்சிப் பக்கம் எந்த ஊரென்றாலும் சைக்கிளில் வருவேன். வெள்ளைச் சேட்டு வேண்டாம், நாயைக் கூட்டிவர வேண்டாம், கைத்தொலைபேசியில் கௌதாரிச் சத்தம் போட்டு அதைக் கூப்பிடவும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டதென்று நினைத்து வீணாக ஓடித் திரியும். பிளாஸ்கில் தேத்தண்ணி மட்டும் யாராவது கொண்டுவந்தால் நல்லது.

அன்புடன்,
வடமராட்சியிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்